ஸ்கேன் படங்களைச் சேமிக்க பேக்ஸ் (PACS) வாங்கப் போகிறோம்: எத்தனை டெராபைட் போதும்?

#1 போரூர் நிர்வாகி

வணக்கம். போரூர் பக்கம் 80 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். ஒரு சி.டி. ஸ்கேன், ஒரு எம்.ஆர்.ஐ., இரண்டு டிஜிட்டல் எக்ஸ்ரே, மூன்று அல்ட்ராசவுண்ட் இருக்கின்றன. இன்றுவரை படங்கள் அந்தந்த மெஷினின் கன்சோலில்தான் கிடக்கின்றன. டிஸ்க் நிரம்பினால் டெக்னீஷியன் பழசை டிவிடியில் எழுதி அலமாரியில் அடுக்கிவிட்டு கன்சோலில் அழித்துவிடுவார். சமீபத்தில் ஓர் அம்மாவின் பழைய வயிற்று ஸ்கேனை டாக்டர் கேட்டார். டிவிடி கிடைத்தது, ஆனால் எந்த கம்ப்யூட்டரிலும் படிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதாயிற்று. மறுபடி கதிர்வீச்சு, மறுபடி செலவு. அதற்கப்புறம்தான், எல்லா மெஷின் படங்களையும் ஒரே இடத்தில் சேமித்துத் தேடித் தரும் பேக்ஸ் வாங்க சேர்மன் சம்மதித்தார்.

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒருவர் 20 டெராபைட் சர்வர் என்கிறார். இன்னொருவர் எல்லாமே கிளவுடில், ஸ்கேனுக்கு இவ்வளவு என்று கட்டணம் என்கிறார். மூன்றாமவர் இலவச மென்பொருள், ஹார்டுவேர் செலவு மட்டும்தான் என்கிறார். சேர்மன் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை டெராபைட் வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஓ.எம்.ஆர். பேக்ஸ் அட்மின்

கணக்கு சுலபம், முதலில் அதை முடித்துவிடுவோம்.

சி.டி. ஸ்கேனில் ஒரு ஸ்லைஸ் (உடலின் ஒரு குறுக்குவெட்டுப் படம்) என்பது 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு ஸ்லைஸ் அரை எம்.பி. ஒரு நோயாளிக்கு 500 ஸ்லைஸ் என்றால் 250 எம்.பி. டிஜிட்டல் எக்ஸ்ரே ஒரு படம் 10 எம்.பி.க்கு முன்னே பின்னே. எம்.ஆர்.ஐ.க்கு 150 எம்.பி. வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு ஆஸ்பத்திரியில் நாளைக்கு 15 சி.டி., 8 எம்.ஆர்.ஐ., 100 எக்ஸ்ரே படம், கொஞ்சம் அல்ட்ராசவுண்ட் என்று போட்டால் ஆறரை ஜி.பி. வரும். வருஷத்துக்குச் சுமார் 2.3 டெராபைட். ஒரு துளி தகவல்கூட இழக்காத ஜேபெக் லாஸ்லெஸ் அல்லது ஜேபெக் 2000 லாஸ்லெஸ் முறையில் சுருக்கினால் அது பாதியாகும், சில நேரம் அதற்கும் கீழே போகும்.

இதய சி.டி. ஆரம்பித்தால் இந்தக் கணக்கு மாறும். ஒரே ஆளுக்கு 2000 ஸ்லைஸ் போகும், அதுவே 1 ஜி.பி. மேமோகிராமில் டோமோசிந்தசிஸ் (மார்பகத்தை அடுக்கடுக்காகப் படமெடுப்பது) வந்தாலும் அப்படித்தான்.

எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய தேதியிலிருந்து 3 வருஷம் பாதுகாக்க வேண்டும். கர்ப்பிணிகளின் அல்ட்ராசவுண்ட் ஆவணங்களுக்கு, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின் கீழ் 2 வருஷம். விபத்து, அடிதடி மாதிரி மெடிகோ லீகல் கேஸ் என்றால் கோர்ட்டில் முடியும்வரை தொடவே கூடாது. இவையெல்லாம் குறைந்தபட்ச வரம்புதான். கேன்சர் நோயாளிக்கு 3 வருஷத்தில் படத்தை அழித்தால் அது பெரிய அநியாயம்.

ஆக 20 டெராபைட் உங்களுக்குப் பல வருஷம் தாங்கும். ஆனால் சேர்மனிடம் ஒன்று சொல்லுங்கள். டிஸ்க் விலைக்கு வாங்குகிற பொருள், ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கிடைக்கும். அவர் கேட்க வேண்டியது, போட்டு வைத்த படம் தேடும்போது வருமா என்பதை.

#3 இருட்டறை ரேடியோகிராஃபர்

அட்மின் தம்பி கடைசியில் சொன்னதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

நான் படித்தது ஜி.எச். வளாகத்துக்குள் இருக்கும் பர்னார்டு ரேடியாலஜி இன்ஸ்டிட்யூட்டில். 1934-இல் தொடங்கிய இடம். டெவலப்பர், ஃபிக்ஸர் தொட்டியில் ஃபிலிம் கழுவிய காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். அப்போது ஃபிலிம் மூலையில் நம்பர் விழும், அதே நம்பர் லெட்ஜரிலும் கவரிலும் இருக்கும். நம்பரைச் சொன்னால் கவர் வரும். பெயரை வைத்து யாரும் தேட மாட்டோம்.

டிஜிட்டல் வந்ததும் அந்த ஒழுங்கு கெட்டுப்போனதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ராத்திரி டியூட்டியில் ஒரு பையன் இருப்பான். வெளியே நாலு ஸ்ட்ரெச்சர் நிற்கும். கன்சோலில் ஆங்கில எழுத்தில் பெயரை அவனே டைப் அடிப்பான். லக்ஷ்மிக்கு ஒருத்தன் எக்ஸ் போடுவான், இன்னொருத்தன் கே.எஸ்.எச். போடுவான். தமிழ்ச்செல்விக்கு ஒருநாள் இசட்.எச்., மறுநாள் வெறும் எல். இனிஷியல் ஒருநாள் முன்னால், ஒருநாள் பின்னால், ஒருநாள் புள்ளியோடு. நம்பர் கட்டத்தில் 1, 2, 3 என்று போட்டு மேலே போய்விடுவான், ஏனென்றால் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மெஷின் அடுத்த திரைக்குப் போகாது.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் கையில் சரியான நம்பர் எழுதிய சீட்டே வருவதில்லை. இந்த நிலையில் எத்தனை டெராபைட் வாங்கினாலும், ஒரே அம்மா அதற்குள் ஐந்து வேறு வேறு ஆளாக இருப்பார்.

#4 போரூர் நிர்வாகி

ஐயா, நீங்கள் சொன்னதும் எங்கள் சி.டி. கன்சோலில் போய்ப் பார்த்தேன். முருகன் என்ற பெயரில் ஒரு முழுத்திரை வருகிறது. யார் எந்த முருகன் என்று வயதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒருவருக்கு வயதே இல்லை. இதற்கு என்ன வழி?

#5 ஓ.எம்.ஆர். பேக்ஸ் அட்மின்

வழி இருக்கிறது, 1990களிலிருந்தே இருக்கிறது. மோடாலிட்டி ஒர்க்லிஸ்ட், அதாவது ஸ்கேன் எடுக்க வேண்டியவர்களின் பட்டியல் தானாகவே மெஷினுக்கு வருவது.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். ஒரு கம்பெனி மெஷின் எடுத்த படத்தை இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டர் படிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்களின் கல்லூரியும் மின் சாதனத் தயாரிப்பாளர்கள் சங்கமும் 1983-இல் ஒரு கமிட்டி போட்டு, 1985-இல் முதல் தரநிலையை வெளியிட்டார்கள். அதுதான் வளர்ந்து 1993-இல் டைகாம் ஆனது. இந்திய அரசு 2013-இலும் 2016-இலும் வெளியிட்ட மின்னணு மருத்துவ ஆவணத் தரநிலைகளும் படங்களுக்கு டைகாமைத்தான் சொல்கின்றன. டைகாம் கோப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் படத்தோடு சேர்த்து நோயாளி யார், என்ன பரிசோதனை, எப்போது எடுத்தது என்பதெல்லாம் எண்ணிட்ட கட்டங்களில் இருக்கும். பெயர் 0010,0010. நோயாளி எண் 0010,0020. ஆக்சஷன் நம்பர், அதாவது அந்த ஒரு பரிசோதனைக்கான எண், 0008,0050. பேக்ஸ் தேடுவது இந்தக் கட்டங்களில்தான். இங்கே குப்பை இருந்தால் தேடலும் குப்பைதான்.

ஒர்க்லிஸ்ட் இருந்தால் டெக்னீஷியன் டைப் அடிக்கவே வேண்டாம். ரிசப்ஷனில் நோயாளி பதிவாகும்போதே எண் உருவாகிவிடும். டாக்டர் ஸ்கேன் எழுதியதும் அதற்கு ஓர் ஆக்சஷன் நம்பர் விழும். இரண்டும் சேர்ந்து கன்சோல் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அவர் அந்த வரியைத் தொட்டால் போதும், எல்லாக் கட்டமும் தானே நிரம்பும்.

அப்புறம் பெயர் விஷயம். டைகாமில் பெயருக்கு ஐந்து பகுதி, முதல் பகுதி குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஒரு மெஷின் இனிஷியலை அந்த இடத்தில் போடும், இன்னொன்று முழுப்பெயரையும் அங்கேயே அடைக்கும். ரிசப்ஷனில் ஒரே முறையை முடிவு செய்து, எல்லா மெஷினிலும் அதையே வரச்செய்யுங்கள்.

கொட்டேஷனில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல மெஷின்களில் ஒர்க்லிஸ்ட் தனி லைசென்ஸ். மெஷின் வாங்கும்போது கேட்காமல் விட்டிருந்தால் இப்போது தனியாகப் பணம் கட்ட வேண்டும். பழைய அல்ட்ராசவுண்டுகளில் டைகாமே இல்லாமலும் இருக்கலாம். பேக்ஸ் விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார், ஏனென்றால் அது அவர் விற்கும் பொருள் இல்லை. அந்த மெஷின் டைகாமில் எதையெல்லாம் செய்யும் என்று சொல்ல, ஒவ்வொரு மெஷினுக்கும் டைகாம் கன்ஃபார்மன்ஸ் ஸ்டேட்மென்ட் என்று ஒரு ஆவணம் இருக்கும். அதை வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் கொட்டேஷனுக்குப் போங்கள்.

#6 ரிப்போர்ட்டிங் ரூம்

நான் ரேடியாலஜிஸ்ட். பழைய படம் எதற்கு என்று நிர்வாகத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு, அதற்குப் பதில் எழுதுகிறேன்.

நுரையீரலில் 7 மி.மீ. அளவில் ஒரு புள்ளி தெரிகிறது. அது என்ன என்று இன்றைய படத்தை மட்டும் வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. திடமான புள்ளி இரண்டு வருஷமாக அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. வளர்ந்திருந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்தப் பழைய சி.டி. ஒன்றுதான். அது கிடைத்தால் அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார், அல்லது சரியான நேரத்தில் சிகிச்சைக்குப் போவார். கிடைக்காவிட்டால் "3 மாதம் கழித்து மீண்டும் எடுக்கவும்" என்று நான் எழுத, அவரும் குடும்பமும் அந்த மூன்று மாதத்தையும் பயத்திலேயே கழிப்பார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒருவருக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய படம் இல்லை என்று திரை சொன்னது. ஆனால் எடுத்திருக்கிறோம் என்று அவர் மனைவி பிடிவாதமாக நின்றார். இனிஷியலை எடுத்துவிட்டு, பெயரில் பாதியும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடியபோது வேறொரு நோயாளி எண்ணில் அது இருந்தது. அதே சர்வரில், அதே டிஸ்க்கில். அந்த அம்மா நிற்காமல் போயிருந்தால் அந்தப் படம் இல்லாத படம்தான்.

இன்னொன்று. சி.டி. படத்தை ஃபிலிமில் அச்சடிப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும், அங்கே எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. காற்று -1000, தண்ணீர் 0, கெட்டியான எலும்பு ஆயிரத்துக்கும் மேல். கண்ணுக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் தெரியாது. அதனால் மூளைக்கு 80 அகலத்தில் ஒரு ஜன்னல் (அந்த எண்களில் திரையில் காட்டும் வரம்பு), நுரையீரலுக்கு 1500 அகலத்தில் ஒரு ஜன்னல் என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஃபிலிமில் ஒரு ஜன்னலை அச்சடித்துவிட்டால் மற்றது போயே போய்விட்டது. 500 ஸ்லைஸில் எத்தனையை ஃபிலிமில் அடுக்க முடியும்? ஆகவே ஃபிலிமை அலமாரியில் வைத்திருக்கிறோம் என்றால் ஸ்கேனை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம் ஆகாது.

#7 திருத்தணி மகன்

நான் மருத்துவத் துறை இல்லை. அப்பாவுக்கு முதுகுத்தண்டுப் பிரச்சினை. திருத்தணியிலிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போகிறோம். பெரிய பிளாஸ்டிக் கவரில் எம்.ஆர்.ஐ. ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நிற்பது எப்படி என்று வந்து பார்த்தால்தான் தெரியும். ஒருமுறை சொந்தக்காரர் காரில் வெயிலில் விட்டுவிட்டோம், ஓரமெல்லாம் கருத்துவிட்டது. டிவிடி கொடுக்கிறார்கள், ஆனால் டாக்டர் லேப்டாப்பில் டிவிடி போடும் இடமே இல்லை.

எங்களுக்கு ஒன்று சொல்லுங்கள். படத்தைக் கேட்டு வாங்கும் உரிமை எங்களுக்கு உண்டா? ஒரு லிங்க் அனுப்பினால் அடுத்த டாக்டர் திறந்து பார்க்க முடியாதா?

#8 ரிப்போர்ட்டிங் ரூம்

உரிமை நிச்சயமாக உண்டு. நோயாளியோ அவர் சார்பில் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, டைகாம் கோப்பாகவே வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். பென் டிரைவில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

லிங்க் அனுப்பும் வசதி இப்போது பல பேக்ஸில் இருக்கிறது. பிரவுசரிலேயே படம் திறக்கும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். போரூர் நிர்வாகி இதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். லிங்க் சில நாளில் காலாவதியாக வேண்டும், ஓ.டி.பி. கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஃபிலிம் கருத்துப்போகும் கவலை இல்லாமல் உங்கள் அப்பாவின் படம் அவருக்கு முன்பே டாக்டர் மேஜைக்குப் போய்விடும்.

#9 எலும்பு டாக்டர்

மேடம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவன் கஷ்டத்தையும் கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு விபத்து கேஸ். வீட்டிலிருக்கும் எனக்கு டியூட்டி டாக்டர் மானிட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பத்து வினாடியில் முடிவு சொல்கிறேன். பேக்ஸில் போய்ப் பார் என்றால் லாகின், பாஸ்வேர்டு, வி.பி.என். (பாதுகாப்பான தனி இணைப்பு) என்று நேரம் போகிறது. தியேட்டரிலும் ஃபிலிமை வியூ பாக்ஸில் மாட்டினால் நிமிர்ந்து பார்த்தால் போதும். கையில் க்ளவுஸ் போட்டுக்கொண்டு மவுஸைத் தொட முடியுமா?

#10 ரிப்போர்ட்டிங் ரூம்

டாக்டர், தியேட்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சுவரில் பெரிய மானிட்டர் ஒன்று, படத்தை முன்கூட்டியே திறந்து வைக்க ஒரு சிஸ்டர். இந்த இரண்டும் இல்லாமல் ஃபிலிமை நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மானிட்டரைப் போட்டோ எடுத்து, அதை வாட்ஸ்அப் இன்னொருமுறை சுருக்கி அனுப்பும்போது மெல்லிய விரிசல் ஒன்று காணாமல் போக வாய்ப்பு அதிகம். தெரியவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டால் பாதிப்பு நோயாளிக்கு. மேலும் அந்தப் போட்டோவில் நோயாளியின் பெயரும் வயதும் மூலையில் இருக்கும். அது பத்து பேர் இருக்கும் குரூப்பில் என்றென்றைக்கும் கிடக்கும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதைச் சின்ன விஷயம் என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் விட்டுவிட முடியாது. உங்களுக்கு வேண்டியது வேகம். போனில் கைரேகை வைத்தால் திறக்கும் வியூவரைக் கேட்டு வாங்குங்கள். அந்த வேகம் கிடைக்காதவரை யாரும் வாட்ஸ்அப்பை விட மாட்டார்கள் என்பதையும் நிர்வாகம் புரிந்துகொள்ள வேண்டும்.

#11 எலும்பு டாக்டர்

கைரேகையில் திறந்தால் நான் முதல் ஆளாக மாறிக்கொள்கிறேன். சரி.

#12 ஓப்பன்சோர்ஸ் தம்பி

மூன்றாவது கொட்டேஷனுக்காக ஒருவரும் பேசவில்லையே. ஆர்த்தாங்க் என்ற சர்வர் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பிறந்தது. டி.சி.எம்.4சி.எச்.இ.இ. என்ற இன்னொரு சர்வர் பல வருஷமாக உலகம் முழுக்க ஓடுகிறது. பிரவுசரில் பார்க்க ஓ.எச்.ஐ.எஃப். இருக்கிறது. மூன்றுமே திறந்த மூல மென்பொருள், லைசென்ஸ் கட்டணம் கிடையாது. ஒர்க்லிஸ்ட்டும் செய்யலாம். தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் டைகாமில் இடமிருக்கிறது, எழுத்துத் தொகுதிக் கட்டத்தில், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8-க்கான குறியீட்டைப் போட்டால் போதும். பழைய கன்சோல்கள் சிலவற்றில் அது கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தையும் சேர்த்து வைப்பது நல்லது.

லட்சக்கணக்கில் கொட்டி ஒரு கம்பெனிக்குள் மாட்டிக்கொள்வதைவிட, அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஆளை வேலைக்கு வைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

#13 அம்பத்தூர் பயோமெடிக்கல்

தம்பி, மென்பொருள் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நானும் ஆர்த்தாங்க் ஓட்டுகிறேன். கேள்வி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சர்வர் நின்றால் யாருக்குப் போன் போடுவது என்பது. அந்த நல்ல ஆள் ஒருவர்தான் என்றால், அவர் ஊருக்குப் போன தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்? இரண்டு பேராவது வேண்டும், அல்லது பராமரிப்பு ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும்.

அப்புறம் மூன்று விஷயம், மூன்றும் நான் கண்ணால் பார்த்தவற்றிலிருந்து.

டைகாமில் மெஷினும் சர்வரும் தாங்கள் யார் என்று சொல்லிக்கொள்ளும் ஏ.இ. டைட்டில் பாஸ்வேர்டு இல்லை. அது 16 எழுத்துக்குள் இருக்கும் ஒரு பெயர்ப் பலகை, அவ்வளவே. அதைச் சரியாகச் சொன்னவருக்கெல்லாம் கதவைத் திறக்கும் சர்வரை நேரடியாக இணையத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று. 2019-இல் கிரீன்போன் என்ற ஜெர்மன் நிறுவனம் தேடிப் பார்த்தபோது, உலகம் முழுக்க இப்படிப் பூட்டில்லாமல் கிடந்த சர்வர்கள் 590. நம் நாட்டுச் சர்வர்களும் அதில் இருந்தன. டைகாம் பயன்படுத்தும் 104, 11112 ஆகிய போர்ட்டுகளை (நெட்வொர்க் வாசல்களை) வெளியே திறக்கவே கூடாது. வெளியிலிருந்து வர வி.பி.என். மட்டும்தான்.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு (RAID) என்பது பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் போனால் ரெய்டு காப்பாற்றும், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் எல்லா டிஸ்க்கும் சேர்ந்தே போகும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸிலேயே சர்வர்கள் முடங்கி, ஓ.பி. சீட்டைக் கையால் எழுதும் நிலை வந்தது நினைவிருக்கும். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. பல சி.டி. கன்சோல்களில் பழைய விண்டோஸ்தான் ஓடும், கம்பெனி அப்டேட் செய்ய விடாது. அந்த மெஷின்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் வந்த வைரஸ் அங்கே எட்டக் கூடாது. ஒரு நகல் எப்போதும் நெட்வொர்க்கோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். சென்னையில் சர்வரை பேஸ்மென்ட்டிலோ தரைத்தளத்திலோ வைக்கவே கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு ஏறியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் தரைத்தளம் என்ன ஆனது என்று வேளச்சேரிக்காரர்களைக் கேளுங்கள். போரூரில் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. சர்வரோடு யு.பி.எஸ்., ஜெனரேட்டர் பேனல், நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் மேலே போக வேண்டும். சர்வரை மாடியில் வைத்துவிட்டு ஸ்விட்சைக் கீழே விட்ட இடத்தில் படம் பத்திரமாக இருந்தது, ஆனால் வார்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. ஏ.சி. சர்வருக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. கத்திரி வெயிலில் ராப்பகலாக ஓடி, ஒருநாள் சொட்ட ஆரம்பிக்கும்.

#14 ஓப்பன்சோர்ஸ் தம்பி

இரண்டு ஆள் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. 80 படுக்கை ஆஸ்பத்திரிக்கு அது கஷ்டம்தான். அப்படியானால் திறந்த மூல சர்வரை இரண்டாவது நகலாக வைக்கலாமே? முக்கியமானது கம்பெனி பேக்ஸ். ஒவ்வொரு படமும் வந்ததும் ஆர்த்தாங்குக்கும் ஒரு பிரதி தானாகப் போகும். கம்பெனி நாளைக்குக் கடையைச் சாத்தினாலும் எல்லாப் படமும் நம் கையில் டைகாமாக இருக்கும்.

#15 அம்பத்தூர் பயோமெடிக்கல்

இது அருமையான யோசனை. இதற்கு ஒரு சாதாரண சர்வர் போதும்.

#16 ஓ.எம்.ஆர். பேக்ஸ் அட்மின்

கிளவுட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஆறரை ஜி.பி.யை 20 எம்.பி.பி.எஸ். அப்லோடில் அனுப்ப முக்கால் மணி நேரம் போதும், அதில் பிரச்சினை இல்லை. திரும்ப எடுப்பதில்தான் கவனம் வேண்டும். மொத்தப் படத்தையும் ஒருநாள் வெளியே எடுக்க வேண்டுமென்றால் பல கிளவுடுகளில் அதற்குத் தனிக் கட்டணம். ஒரு வருஷத்துப் படத்தையே அந்த வேகத்தில் இறக்கினால் பத்து நாளுக்கு மேல் ஆகும். கேபிள் அறுந்த நாளில் எமர்ஜென்சி டாக்டருக்குப் படம் கிடைக்காமல் போகக் கூடாது. அதனால் புதிய படங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கட்டும், கிளவுட் இரண்டாம் இடமாக இருக்கட்டும். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர் நிறைய இருக்கிறது, ஆனால் உங்கள் வெளி நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். புயல் ஒரு ஊருக்கு மொத்தமாகத்தான் வரும்.

#17 போரூர் நிர்வாகி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இதையெல்லாம் அச்செடுத்து சேர்மனிடம் வைத்தேன். முடிவானவை: ஒர்க்லிஸ்ட் லைசென்ஸ் சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இரண்டு எக்ஸ்ரேக்கும் வாங்குகிறோம். டெராபைட்டைக் குறைத்து அந்தப் பணத்தை இதில் போடுகிறோம். சர்வர் இரண்டாம் மாடி. தம்பி சொன்ன ஆர்த்தாங்க் நகல் உண்டு. ரிசப்ஷனில் போன் நம்பரையும் பிறந்த தேதியையும் வைத்துப் பழைய எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே புது எண் போட வேண்டும்.

இன்னும் ஒரு சந்தேகம். 108-இல் மயக்க நிலையில் வருகிறவருக்குப் பெயரே தெரியாது. ரிசப்ஷன் பதிவு முடியும்வரை சி.டி. காத்திருக்க முடியாதே?

#18 இருட்டறை ரேடியோகிராஃபர்

காத்திருக்கவே கூடாது. எமர்ஜென்சி மேஜையில் தற்காலிக எண்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், கைப்பட்டையில் அச்சடித்து. ஆள் வந்ததும் ஒரு பட்டையைக் கையில் கட்டிவிடுங்கள், அந்த எண்ணிலேயே சி.டி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் நடக்கட்டும். "அடையாளம் தெரியாத ஆண்" என்று மட்டும் போடாதீர்கள், ஒரே ராத்திரியில் இரண்டு பேர் வந்தால் படம் மாறிவிடும். தற்காலிக எண்தான் அவர் பெயர்.

விடிந்து சொந்தக்காரர்கள் வந்ததும், பழைய எண் இருந்தால் இரண்டையும் இணைக்க வேண்டும். அதை டெக்னீஷியன் செய்யக் கூடாது. ரெக்கார்ட்ஸ் பிரிவில் பொறுப்பான ஒருவர் செய்து, யார் எப்போது இணைத்தார் என்று பதிவும் இருக்க வேண்டும். தவறான இருவரை இணைத்துவிட்டால் பிரிப்பது மிகவும் கஷ்டம்.

#19 ஓ.எம்.ஆர். பேக்ஸ் அட்மின்

ஐயா சொன்னதோடு ஒன்று. எண்ணை இணைத்த செய்தி ஆஸ்பத்திரி மென்பொருளிலிருந்து பேக்ஸுக்குத் தானாகப் போக வேண்டும். ஆஸ்பத்திரி மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் தரநிலையான எச்.எல்.7-இல் அதற்கு ஏ40 என்று ஒரு செய்தி வகை உண்டு. "உங்கள் பேக்ஸ் ஏ40 ஏற்குமா, செய்து காட்டுங்கள்" என்று டெமோவில் கேளுங்கள். ஸ்டோரேஜ் கமிட்மென்ட் பற்றியும் கேளுங்கள். படம் பத்திரமாகப் பதிந்துவிட்டது என்று சர்வர் உறுதி சொன்ன பிறகே கன்சோல் தன்னிடமுள்ளதை அழிக்க வேண்டும்.

#20 போரூர் நிர்வாகி

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்: "ஒப்பந்தம் முடியும்போது ஆஸ்பத்திரியின் எல்லாப் படங்களையும் டைகாம் கோப்புகளாக, கூடுதல் கட்டணமின்றி நிறுவனம் ஒப்படைக்க வேண்டும்."

#21 ஓ.எம்.ஆர். பேக்ஸ் அட்மின்

போதாது. "படங்களையும் ரிப்போர்ட்டுகளையும், டாக்டர்கள் போட்ட அளவுகள், அம்புக்குறிகளையும்" என்று சேருங்கள். பல பேக்ஸில் அம்புக்குறி அந்தக் கம்பெனியின் சொந்த வடிவத்தில் இருக்கும், வெளியே வரும்போது படம் மட்டும் வரும். "நிறுவனத்தின் தனிப்பட்ட சுருக்க முறை எதுவும் இல்லாமல்" என்பதும் வேண்டும். எத்தனை நாளுக்குள் என்பதை எண்ணில் எழுதுங்கள். ஒப்படைத்த பிறகு எண்ணிக்கையைச் சரிபார்த்து இரு தரப்பும் கையெழுத்திடும்வரை பழைய சர்வரை அணைக்கக் கூடாது என்றும் போடுங்கள். கையெழுத்துப் போடும் முன் வரைவை இங்கே ஒருமுறை ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.